தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி: தராசோடு படிக்க வேண்டிய நூல்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே 8 அன்று வெளியிட்ட 'இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள்' 148 பக்க ஆங்கில நூல். காசு கிடையாது. நிறுவனத்தின் இணையதளத்திலேயே பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். 2011 பதிப்பில் 15 வழிகாட்டுதல்கள் இருந்தன. இதில் 17. வாட்ஸப்பில் சுற்றும் டயட் சார்ட்டுகளோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு மேல். ஆனால் எடுத்த எடுப்பில் படிப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்ள ஒரு பெரிய இடம் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.

நூலின் உயிர்நாடி 'ஒரு நாளைக்கான என் தட்டு' என்ற படம். 2000 கலோரிக்கு அது சொல்லும் அளவு இது: தானியமும் சிறுதானியமும் 250 கிராம், கீரை உட்படக் காய்கறி 400, பழம் 100, பருப்பு அல்லது முட்டை, மீன், கறி 85, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27, பால் அல்லது தயிர் 300 மில்லி. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1200 கிராம். இவை சமைப்பதற்கு முந்தைய எடை. இதைக் கவனிக்காமல் 250 கிராம் என்றதும் சோற்றை நிறுத்துப் பார்த்து, "இவ்வளவுதானா, பட்டினி போடுகிறார்களே" என்று மூடி வைப்பவர்கள் அதிகம். 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறு வரும். சமையலறைத் தராசு ஒன்று இல்லாமல் இந்த நூல் பாதிப் பயன்தான்.

நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். நாலுக்கு ஒன்று என்று அரைத்த மாவில் ஒரு இட்லிக்கு உலர் எடையாகச் சுமார் 20 கிராம் போகும். காலையில் நாலு இட்லி என்றால் அரிசி 64, உளுந்து 16. இரவு அதே மாவில் மூன்று தோசை. ஒன்றுக்கு 30 கிராம் வைத்தால் அரிசி 72, உளுந்து 18. மதியம் 100 கிராம் அரிசிச் சோறு. மொத்த அரிசி 236. கோட்டுக்குள் நிற்கிறது. கோடு தாண்டுவது மதியம்தான். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை சோறு வாங்கினால் 100 எளிதாக 150 ஆகிவிடும்.

பருப்புக்கு வருவோம். உளுந்து 34 கிராம் ஏற்கெனவே வந்துவிட்டது. நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்ட சாம்பாரில் ஆளுக்கு 25. ஆக 59. மீதி 26 கிராமுக்கு ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டலோ பாசிப்பயறோ வேண்டும். சாம்பார் தண்ணியாக இருந்தால் பள்ளம் இன்னும் ஆழம். அசைவக்காரர்கள் முட்டை, மீன், கறியை இந்த 85-க்குள்ளேயே கணக்கு வைக்க வேண்டும். அதற்கு மேலே அல்ல. இந்தியத் தட்டில் கலோரியில் 50 முதல் 70 சதவீதம் தானியத்திலிருந்தே வருகிறது, 45 போதும் என்கிறது நூல். பருப்பும் அசைவமும் சேர்ந்து 6 முதல் 9 சதவீதம்தான் தருகின்றன, 14 வேண்டும் என்கிறது. தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்பதே நூலின் தட்டு காட்டும் விகிதம். புரதப் பவுடர் வாங்காதீர்கள் என்று எட்டாவது வழிகாட்டுதல் கறாராகச் சொல்வதும் இந்தக் கணக்கை நம்பித்தான்.

ரேஷன் கடையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரிசி இலவசம். துவரம்பருப்பு அட்டைக்கு மாதம் 1 கிலோ, 30 ரூபாய். நாலு பேர் வீட்டுக்கு இந்த நூல் கேட்கும் பருப்பு மாதம் 10 கிலோவுக்குச் சற்று மேல். அரிசி மலிவாகவும் பருப்பு விலையாகவும் இருக்கும்வரை குறை சமைப்பவர் கையில் இல்லை என்பதை நூல் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். காய்கறியும் அப்படித்தான்: ஆளுக்கு 400 கிராம் என்றால் நாலு பேருக்கு வாரம் 11 கிலோ. அதுவும் தோல், காம்பு போக. முருங்கைக்காய், வாழைப்பூ வாங்கினால் பையின் எடையை நம்பாதீர்கள். உருளைக்கிழங்கை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அது சோற்றுப் பக்கம்.

தினமும் நிறுக்க முடியாதவர்களுக்கு எளிய வழி மளிகைப் பாக்கெட்டுதான். நூலின் உச்சவரம்பு உப்பு ஆளுக்கு 5 கிராம், சர்க்கரை 25 கிராம். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சிப்ஸ் இதில் சேராததால் உண்மையில் அதற்கு மேலும் வர வேண்டும். சர்க்கரை ஒரு கிலோ குறைந்தது 10 நாள். எண்ணெய் 27 கிராம் என்பது சுமார் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. ஒரு லிட்டர் பாக்கெட் 8 நாளாவது தாங்க வேண்டும். பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். மூன்று பாக்கெட் தீர்வதற்குள் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் தாளிப்பில் இருக்காது, பொரித்த எண்ணெயில் இருக்கும். நெய்யைத் தனி என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு இடறல், அந்த 2000 கலோரி. நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு 2110, 55 கிலோ பெண்ணுக்கு 1660 கலோரி. ஒரே தட்டை வீட்டில் எல்லோருக்கும் வைத்தால் அந்தப் பெண்ணுக்குத் தினம் 340 கலோரி கூடுதல். அது ஏறக்குறைய 95 கிராம் அரிசி. குறைப்பதை அரிசியிலும் எண்ணெயிலும்தான் குறைக்க வேண்டும். காயிலும் பருப்பிலும் கை வைத்தால் தட்டின் நோக்கமே போய்விடும். வயது, வேலை, கர்ப்பம், பாலூட்டல் என்று தனித்தனி அட்டவணைகள் உள்ளே இருக்கின்றன. முகப்புப் படத்தை மட்டும் பகிர்பவர்கள் அங்கே போவதே இல்லை.

காபி பற்றிய பகுதி நம்மூருக்காகவே எழுதியது போல இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம். அவற்றில் உள்ள டானின் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரைக்குக் கொடுத்த காசில் பாதி வீண். கஃபீன் உச்சவரம்பு நாளைக்கு 300 மில்லிகிராம். 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 இருக்கும். மூன்று காபியில் வரம்பு முட்டிவிடும். அந்த மூன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் 25 கிராமும் அங்கேயே தீர்ந்துவிடும், பிறகு பிஸ்கட்டுக்கு இடமில்லை.

சமையல் முறை அத்தியாயம் கலவையானது. பருப்பை, பயறை ஊறவைத்தால் ஃபைட்டிக் அமிலம் குறைந்து தாதுச்சத்து உடம்பில் சேரும், குக்கரில் வேகவைப்பது நல்லது என்பதெல்லாம் உடனே செய்யக்கூடியவை. புளிப்பானதை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் சேமித்து வைக்காதீர்கள் என்பதும் சரி. வத்தக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்து இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் போதும். டெஃப்லான் பூச்சுள்ள பாத்திரம் 170 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆபத்து என்பதில்தான் சிக்கல். வீட்டில் யாரிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது? தோசைக்கல் காய்வதே அந்தச் சூட்டுக்கு மேல்தான். நூல் குறிப்பிடும் சூழ்நிலை, வெறும் பாத்திரம் நீண்ட நேரம் தீயில் இருப்பது. நான்ஸ்டிக் கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மாவு எடுக்க ஃபிரிட்ஜுக்குப் போகும் பழக்கத்தை விட்டால் பெரும்பகுதி தீர்ந்தது. முறுகல் தோசைப் பிரியர்களுக்கு இரும்புக்கல்லே நல்லது.

கடைசி, பதினேழாவது வழிகாட்டுதல் லேபிள் படிப்பது. பழச்சாறு என்று போட்ட பெட்டியில் பழம் 10 சதவீதம் மட்டும் இருக்கலாம், 'சர்க்கரை இல்லை' என்பதில் கொழுப்பு குவிந்திருக்கலாம் என்று எச்சரிப்பது நல்லது. ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் லேபிள் விதி வேறு அளவுகோல் வைத்திருக்கிறது: அங்கே 2000 கலோரிக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராம். இங்கே 25. இரண்டும் மத்திய அரசு அமைப்புகள்தான்! 20 கிராம் சேர்த்த சர்க்கரை உள்ள ஒரு பானத்தின் லேபிள் 'நாளின் தேவையில் 40 சதவீதம்' என்று காட்டும். வழிகாட்டியின் கணக்கில் அது 80. எனவே சர்க்கரைக்கு மட்டும் லேபிள் சதவீதத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். உப்பில் இரு தரப்பும் ஒன்றே: சோடியம் 2000 மில்லிகிராம், உப்பில் 5 கிராம். லேபிளில் சோடியம்தான் போட்டிருக்கும், அதை இரண்டரையால் பெருக்க வேண்டும். 900 மில்லிகிராம் என்றிருந்தால் உப்பு 2.25 கிராம், நாளில் ஏறக்குறைய பாதி. பெருக்கும் முன் அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பாருங்கள். ஒரு பாக்கெட்டை இரண்டு பரிமாறல் என்று போட்டு எண்ணைப் பாதியாக்கியிருப்பார்கள், சாப்பிடுகிறவர் முழுப் பாக்கெட்டையும் முடித்திருப்பார்.