வேலூர், காட்பாடி: கீசருக்கு ‘ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்’ போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு ரூம் விடுபவர்களும், காட்பாடிப் பக்கம் பசங்களுக்கு பிஜி நடத்துபவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள். மார்கழி நெருங்கினால் போதும், “கீசரை போனிலேயே ஆன் ஆஃப் பண்ணலாம், தண்ணி எத்தனை டிகிரின்னு ஆப்பில் தெரியும், கரண்ட் பில் பாதியாயிடும்” என்று ஆள் வந்துவிடுகிறது. அப்படி வேலை முடித்துப் போன ஒரு கட்டடத்தில், ஒரு ரூமில் பிளாஸ்டிக் தீயும் நாற்றம் அடித்த பிறகு எல்லா ரூமிலும் கவரைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே இருந்ததுதான் இந்தப் பதிவு.

அவர்கள் மாட்டிய வைஃபை டப்பா மேல் 16 ஆம்பியர் என்று ஸ்டிக்கர். உள்ளே, ஆப்பில் தட்டினால் கரண்டை இணைத்து அறுக்கும் நீலக் கலர் குட்டி ரிலே, அதன் தலையிலேயே 10 ஆம்பியர் என்று அச்சாகியிருக்கிறது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். பத்துக்குள்தானே என்று வாதாடுவார்கள். காற்றே போகாத சுவிட்ச் பாக்ஸுக்குள், மெல்லிய போர்டில், தினமும் பல தடவை அரை மணி நேரம் ஓடுகிற லோடு அது. 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் 3000 வாட், அதாவது 13 ஆம்பியர். வோல்டேஜ் 250-க்கு ஏறினால் 14-ஐத் தாண்டும். அதற்கும் இதே டப்பாவைத்தான் மாட்டியிருந்தார்கள். காண்டாக்ட் சூட்டில் ஒட்டிக்கொண்டால் ஆப் ஆஃப் என்று காட்டும், தண்ணீரைச் சூடாக்கும் காயில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒயர் வேலை அதைவிடக் கேவலம். டப்பாவின் ஸ்க்ரூ துளையில் 2.5 எம்எம் ஒயர் நுழையாது. அதனால் 36 இழையில் பாதியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு, மிச்சத்தை முறுக்கிச் செருகியிருந்தார்கள். நாற்றம் அங்கிருந்துதான் வந்தது. ஒயரின் சிவப்புத் தோல் ஓர் அங்குலத்துக்குக் கருகி உதிர்ந்தது. கீசரோடு வந்த மூன்று பின் ப்ளக் டாப்பை வெட்டி எறிந்திருக்கிறார்கள். டப்பாவில் எர்த்துக்கு இடமே இல்லை, பச்சை ஒயரை டேப் சுற்றி மடக்கி உள்ளே திணித்தாயிற்று. இரண்டு ரூமில் கரண்ட் வரும் பேஸ் ஒயருக்குப் பதிலாக, அது திரும்பிப் போகும் நியூட்ரலை ரிலே வழியே விட்டிருந்தார்கள். ஆப்பில் ஆஃப் செய்த பிறகும் காயிலில் பேஸ் நின்றுகொண்டே இருக்கும். எர்த்தும் இல்லை, காயிலும் ஓட்டையானால், ஷவரைத் திறப்பவர் கதி என்ன?

இத்தனையும் ஒரு பக்கம். உண்மையில் உயிரோடு விளையாடியது தெர்மோஸ்டாட்டில், அதாவது தண்ணீர் குறித்த சூட்டுக்கு வந்ததும் கரண்டை நிறுத்தும் பாகத்தில்.

ஸ்டோரேஜ் கீசரில் டேங்குக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே தடிமனான ஃபோம் இன்சுலேஷன். உள்ளே 60 டிகிரி இருந்தாலும் வெளியே கை வைத்தால் லேசான வெதுவெதுப்புதான். இவர்கள் சென்சாரை அந்த வெளிக்கூட்டில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அது காட்டுவது பாத்ரூம் சூடு. 60 வந்ததும் ஆஃப் ஆகட்டும் என்று செட் செய்தால், ஆயுசுக்கும் 60 வராது, டப்பா ஆஃப் ஆகவும் ஆகாது. போதாததற்கு இன்னொரு காரியமும் செய்திருந்தார்கள்: “ரெண்டு தெர்மோஸ்டாட் இருந்தா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும் சார்” என்று சொல்லி, கீசரின் சொந்த தெர்மோஸ்டாட்டைத் துண்டு ஒயரால் நேரடியாக இணைத்துவிட்டார்கள். அப்புறம் கட்-அவுட் (சூடு எல்லை மீறினால் கரண்டை அறுக்கும் பாதுகாப்பு) அடிக்கடி விழுகிறது என்று புகார் போனதும், ஒரு கீசரில் அதையும் இணைத்துவிட்டார்கள். பிறகு மிஞ்சுவது, அழுத்தம் ஏறினால் வெளியே விடும் பிரஷர் வால்வு ஒன்றுதான். நம்மூர் போர் தண்ணீரின் உப்பில் அது அடைத்துக்கொள்ள ரொம்ப நாள் ஆகாது. சொட்டுகிறது என்று பிளம்பர் அதற்கு எண்ட் கேப் போட்டு மூடிய கதையும் உண்டு. டேங்க் வெடிக்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

பில் பாதியாகும் என்பதும் கணக்குக்கு நிற்காது. 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற சுமார் 0.6 யூனிட் வேண்டும். போனில் தட்டினாலும் கையால் தட்டினாலும் அதே 0.6 தான். சும்மா ஆனில் கிடக்கும்போது கசியும் சூடு மட்டும்தான் மிச்சமாகும். அதற்கு டைமர் போதும்.

செலவு குறைவாக, ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறது. கீசரைத் தொடவே வேண்டாம். திறந்தால் வாரண்டியும் போகும். 2000 வாட் என்றால் 2.5 எம்எம் காப்பர் ஒயர், 16 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட், அதில் வாட் காட்டக்கூடிய நல்ல 16 ஆம்பியர் வைஃபை ப்ளக். 3000 வாட்டுக்கும், ப்ளக் இல்லாமல் நேரடியாக ஒயர் இழுத்த ஹீட்டருக்கும், 230 வோல்ட் காயிலுள்ள 25 ஆம்பியர் டபுள் போல் மாடுலர் கான்டாக்டர் (பெரிய லோடைத் தாங்கும், காந்தக் காயிலால் இயங்கும் சுவிட்ச்) போடுங்கள். சின்ன வைஃபை சுவிட்ச் கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கும், லோடு கான்டாக்டர் வழியே போகும், பேஸும் நியூட்ரலும் சேர்ந்தே அறுபடும். வாங்கும்போது ஏசி-1 ரேட்டிங் (ஹீட்டர் மாதிரி லோடுக்கான ஆம்பியர் அளவு) 25-ஆ என்று பாருங்கள். எல்லாம் பாத்ரூமுக்கு வெளியே, பெட்டிக்குள். கரண்ட் கசிந்தால் உடனே அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத கட்டடத்தில் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும்.

ஆப்பில் இரண்டு செட்டிங்: 30 நிமிடத்தில் தானாக ஆஃப், கரண்ட் போய் வந்தால் ஆஃபிலேயே இருக்க வேண்டும். இரண்டாவதை எல்லோரும் மறக்கிறார்கள். சூட்டைக் கட்டுப்படுத்துவது கீசரின் சொந்த தெர்மோஸ்டாட் வேலை, வைஃபை நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே இந்த மாதிரி டப்பாவை யாராவது உங்கள் கீசரில் பொருத்தியிருந்தால் இன்றைக்கே சோதியுங்கள். ஆப்பில் டைமரையெல்லாம் எடுத்துவிட்டுத் தொடர்ந்து ஆனில் வையுங்கள், குழாயைத் திறக்காதீர்கள். 15 லிட்டர் கீசரில் அரை மணிக்குள், 25 லிட்டரில் முக்கால் மணிக்குள் கீசரின் ஹீட்டிங் லைட் அணைய வேண்டும், வாட் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். அணையாவிட்டாலோ, உள்ளே கொதிக்கும் சத்தம் கேட்டாலோ உடனே எம்சிபியை இறக்குங்கள். குழாயைத் திறக்கவே திறக்காதீர்கள், ஆவி அடிக்கும். முழுசாக ஆறிய பிறகு, கம்பெனி சர்வீஸ் ஆளை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கட்டடத்துக்காரர் பணத்தைக் கேட்டபோது வந்த பதில், “உங்க ஒயரிங் பழசு”. கையில் ஜிஎஸ்டி பில் இல்லை, வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன் மட்டும்தான். அதையும், ஜிபே ரசீதையும், கருகிய டப்பாவின் போட்டோவையும் அழிக்காமல் வைத்திருங்கள். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் அவை உதவும். புதிதாக வேலை கொடுப்பவர்கள், கீசரின் தெர்மோஸ்டாட், கட்-அவுட், எர்த் மூன்றையும் தொடவில்லை என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.