தூக்கி மாட்டும் மோல் கலப்பையா, இழுத்துச் செல்லும் நீள் சட்டமா?

கிழக்கு இங்கிலாந்தின் கெட்டிக் களிமண் வயல்களில் நீரை வடிக்க மோல் கலப்பையை நம்புகிறார்கள். கத்தி போன்ற காலின் அடியில் சுமார் 75 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டு, அதன் பின்னால் துளையை அகட்டி வழவழப்பாக்கும் இன்னொரு உருண்டை. 50 செ.மீ. அளவு ஆழத்தில் எலி வளை போல ஒரு பாதை விழும்; நீர் அதன் வழியே வடியும்.

டிராக்டரின் ஹைட்ராலிக்கில் தூக்கி மாட்டும் ரகம் வயல் ஓரத்தில் சுலபமாகத் திரும்பும், விலையும் குறைவு. ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் குண்டும் கூடவே இறங்கும். அந்த இடத்தில் தண்ணீர் தேங்கி, வளையின் கூரை ஊறி இடிந்துவிடும். நீள் சட்டக் கலப்பை அப்படியல்ல. டிராக்டரின் பின்னால் அதன் நீண்ட சட்டம் தரையோடு படிந்து சறுக்கி வருவதால் சிறு மேடுபள்ளம் வளைக்குள் தெரியாது. நல்ல களிமண்ணில் 5 முதல் 10 ஆண்டு நிற்க வேண்டிய வளை இது. சீரான சரிவுக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன். சின்ன வயல் என்றால் மட்டும் முதல் ரகம் சரி.

நீடித்து உழைப்பதில் இரண்டுக்கும் ஒரே சோதனைதான். முதலில் தேய்வது குண்டின் மூக்கும் காலின் முன்விளிம்பும். அவை கடினமாக்கிய எஃகில், போல்ட் கழற்றி மாற்றும்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். பற்றவைத்தே வந்தால் வேண்டாம். கல்லில் மோதினால் முதலில் அறுபட ஒரு ஷியர் போல்ட் இருக்கட்டும். இல்லாவிட்டால் கால்தான் வளையும்.