தட்டைக் கூரையின் கீழ் 27 ஆண்டுகள்

தஞ்சாவூரிலிருந்து மருமகளாக நான் மொரீஷியஸ் தீவின் காத்ர் போர்ன் நகருக்கு வந்தது 1997இல். திண்ணை, முற்றம், ஓட்டுக்கூரை என்று வளர்ந்தவளுக்கு இந்த வீடு வீடாகவே தெரியவில்லை. தூண்கள் மேல் நிற்கும் கான்கிரீட் பெட்டி, கீழே கார் நிறுத்தும் வெற்றிடம், மேலே மட்டமான தளம். மாமனார் இதைக் கட்டி முடித்தது 1968இல், மொரீஷியஸ் விடுதலை பெற்ற ஆண்டில்.

தூண், தட்டைக் கூரை, சுவர் தடுக்காத கூடம், நீள ஜன்னல் எல்லாம் லெ கொர்புசியே என்ற கட்டடக் கலைஞர் 1920களில் வகுத்த இலக்கணம். ஆனால் இந்தத் தீவில் அது வேரூன்றக் காரணம் புயல். 1960 ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரி கடைசியில் கேரோல். மரச்சுவரும் தகரக் கூரையுமாக இருந்த பல்லாயிரம் வீடுகள் போயின. மாமியார் கடைசி வரை கேரோலைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். பறக்காத கூரை வேண்டும் என்பதுதான் மாமனாரின் முதல் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பவில்லை. 2002 ஜனவரியில் டினா புயல் வந்த இரவு தளம் இம்மியும் அசையவில்லை. தோற்றது ஜன்னல்தான். இங்கே எல்லோரும் ‘நாக்கோ’ என்று சொல்லும் கண்ணாடித் தகடு ஜன்னல், சாதாரண நாளில் காற்றை அழகாக அளந்து விடும். புயலில் ஒவ்வொரு தகட்டின் இடுக்கிலும் தண்ணீரைப் பீய்ச்சும். வீட்டிலிருந்த அத்தனை துண்டுகளையும் அன்று பிழிந்தோம். தென்கிழக்குச் சுவரில் மட்டுமாவது அதை மாற்றியிருக்க வேண்டும்; பிறகு மாற்றினோம்.

இந்த வீட்டில் நான் மனதாரக் கும்பிடுவது மேற்குச் சுவரை. அந்தப் பக்கம் கோர் தெ கார்த் மலை, அதன் சரிவில் முருகன் கோயில். மலையைப் பார்க்க வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. மேற்கைத் திறந்தால் மாலை வெயில் கொளுத்தும். ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் அகலத்தில் ஒன்பது கான்கிரீட் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, எல்லாவற்றையும் வடமேற்காகச் சாய்த்திருக்கிறார். ஏன் இந்தச் சாய்வு என்று புரிய எனக்கு ஒரு முழு ஆண்டு ஆனது. நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் உச்சிவெயில் தெற்கிலிருந்து சாயும், இங்கே வடக்கிலிருந்து. ஆனால் டிசம்பர், ஜனவரியில் சூரியன் தலைக்கு நேரே ஏறி மேற்குக்குச் சற்றுத் தெற்கே இறங்குகிறது. அந்த வெயில் பலகைகளின் முதுகில் பட்டு நின்றுவிடும். ஜூலையில் வடமேற்கே இறங்கும் இளவெயில் இடைவெளி வழியாகக் கூடத்தின் பாதி வரை வரும். மலையும் அதே இடைவெளியில் தெரியும். இங்கே கோடையில் வரும் தைப்பூசத்தின் புழுக்கத்திலும் அந்த ஜன்னலடியில் உட்கார முடிகிறது.

கூடமும் நல்ல கூடம். நடுவிலுள்ள மரத் தடுப்பை மடித்துவிட்டால் நாற்பது பேர் வாழையிலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு சாப்பிடலாம். சமையலறை மட்டும் குறுகல். தாளிக்கிற குடும்பத்துக்கு வரைந்தது அல்ல.

இனி கூரையின் நோய். மட்டத் தளத்தில் வாட்டம், அதாவது நீர் வடியும் சரிவு, போதாமல் மழைநீர் தேங்குகிறது. லெ கொர்புசியே வடிவமைத்து, பாரீஸ் அருகே 1931இல் முடிந்த வில்லா சவோயே என்ற வீடு கூட ஒழுகி, அந்த வீட்டு அம்மாள் கடிதம் மேல் கடிதம் எழுதினார். எங்கள் தளத்தில் இன்னொன்றும் சேர்ந்தது: மகன் மாடி கட்டுவான் என்று நான்கு மூலைகளிலும் விட்டுவைத்த கம்பிகள். இந்தத் தீவில் தெருவுக்குத் தெரு இதைப் பார்க்கலாம். அந்தக் கம்பி வழியே மழை இறங்கி, உள்ளே துரு ஏறி, கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்தது.

2011இல் படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு சில்லு விழுந்தது. கையில் எடுத்துத் திருப்பினேன். உடைந்த பக்கத்தில் நகக்கண் அளவு ஒரு சங்கு, சுருள் கலையாமல் பதிந்திருந்தது. கடற்கழியில் அள்ளிய பவள மணல். அப்போதெல்லாம் அதுதான் கட்டுமான மணல். 2001இல்தான் அரசு அந்த மணல் எடுப்பை நிறுத்தியது. சரியாகக் கழுவாத உப்பு, கம்பியை உள்ளிருந்தே தின்னும்.

நீர்த்தடுப்புப் பூச்சுக்கு ஒருவர் பத்தாண்டு உத்தரவாதம் தந்தார். மூன்றாம் மழைக்காலத்தில் அது கொப்புளித்தது. பழைய பூச்சைச் சுரண்டாமல், வாட்டம் கொடுக்காமல் மேலேயே பூசியிருந்தார். இன்றும் எனக்கு ஆறாத கோபம் அது. அடுத்த முறை நாங்களே நின்று, வடிகால் பக்கமாக மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு கொடுத்துக் கலவை போட்டு, அதன்மேல் தார்ப்படலம் ஒட்டவைத்தோம்.

கம்பிகளை வெட்ட என் கணவர் நெடுநாள் சம்மதிக்கவில்லை. அது அப்பா விட்டுப்போன வாக்கு என்பார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் நிலைத்த பிறகு, மூன்று மூலைகளில் வெட்டிச் சிமெண்டால் மூடினோம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது அந்த மூன்று மூலைகளும் உலர்ந்திருந்தன. நான்காவது மூலையின் கீழ் வாளி வைத்தோம்.