‘தௌ’வுக்கு நீயா, நீரா?

சென்ற ஆண்டு நண்பர்களின் நாடக வாசிப்புக்காக ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தின் முதல் காட்சியைத் தமிழாக்கினேன். பயந்திருந்த நீண்ட வசனங்கள் எப்படியோ வந்துவிட்டன. என்னை ஒரு மாதம் முடக்கிப் போட்டது ‘தௌ’ (thou) என்கிற ஓரசைச் சொல். முன்னிலை ஒருமைக்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய சொல் அது. இன்று யார்க்ஷர் போன்ற சில வட்டாரங்களின் பேச்சில்தான் ‘தா’ என்று மருவிக் கிடக்கிறது. அதற்கு நீ போடுவதா, நீர் போடுவதா? நான் நீ கட்சி. தாங்களும் தேவரீரும் போட்டியிலேயே இல்லை.

நீர் கட்சியின் பலம் பழைய வாசனை. ‘தௌ’ என்றதும் இன்றைய ஆங்கிலக் காதில் ஜெபம்தான் ஒலிக்கும். நம் பரமண்டல ஜெபத்திலும் ‘உம்முடைய நாமம்’ என்றுதான் வருகிறது. ஆகவே தௌ என்றால் நீர் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். ஆனால் 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் வேதாகமத்தில் கடவுளும் தௌ, ஏவாளை ஏய்த்த பாம்பும் தௌ, அரசனும் வேலைக்காரனும் தௌ. எதிரே ஒருவர் இருந்தால் தௌ, பலர் இருந்தால் யீ. மூலமொழிகளின் ஒருமை பன்மையைக் காப்பாற்றும் ஏற்பாடு, அவ்வளவுதான். உம்முடைய என்பதில் உள்ள மரியாதை தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்தது. பக்திக்கு அது கட்டாயமும் இல்லை. சுந்தரர் சிவனைப் பித்தா என்று கூப்பிட்டு ‘உன்னை’ என்கிறார். ஆண்டாளோ அன்பினால் உன்னைச் சிறுபேர் இட்டு அழைத்தோம், கோபித்துக்கொள்ளாதே என்று கண்ணனிடமே சொல்லிவிடுகிறாள்.

கோயிலை விட்டுத் தெருவுக்கு வந்தால் தௌவின் குணமே வேறு. பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து, பெரியவர் ஒருவரையே பன்மையில் ‘யூ’ என்று அழைப்பது இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து பரவியது. தௌ குழந்தைக்கும் வேலையாளுக்கும் காதலிக்கும் எதிரிக்கும் உரியதாயிற்று. 1603இல் கடலோடியும் கவிஞருமான வால்டர் ராலேமீது நடந்த தேசத்துரோக வழக்கில், அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் அவரைத் தௌ போட்டே துரோகி என்று ஏசினார். அந்த நூற்றாண்டின் நடுவில் தோன்றிய குவேக்கர்கள் என்ற கிறித்துவப் பிரிவினர், எல்லாரும் சமம் என்று சொல்லி, நீதிபதியையும் நிலப்பிரபுவையும் தௌ என்றே அழைத்தார்கள். அதற்காக உதையும் வாங்கினார்கள். நீதிபதியை நீர் என்று அழைத்ததற்காக ஒருவன் உதை வாங்கினான் என்று எழுதிப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும்.

இவையெல்லாம் இருக்கட்டும். எனக்கு முடிவைக் கொடுத்தது மாற்றம்: ஒரே வாய், ஒரே ஆளிடம், நடுவழியில் யூவிலிருந்து தௌவுக்கு இறங்கும் இடங்கள். லியர் மூத்த மகள்கள் இருவரையும் தௌ என்கிறான். செல்லமான கடைக்குட்டி கார்டெலியாவை மட்டும் யூ என்கிறான். (கொங்கு நாட்டு வீடுகளில் பெற்ற பிள்ளையையே வாருங்கள், போங்கள் என்று அழைக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.) தன்மேல் எவ்வளவு அன்பு என்று அவன் கேட்க, அவள் அவன் எதிர்பார்த்ததைச் சொல்ல மறுக்கிறாள். உடனே யூ போய்விடுகிறது: உன் உண்மையே உனக்குச் சீதனம்! அடுத்துக் கென்ட் பிரபு. வாழ்நாளெல்லாம் வணங்கிய அரசனை, அவையோர் முன்னிலையில், தௌ என்றும் கிழவா என்றும் அழைத்துத் தட்டிக்கேட்கிறான்.

தௌவுக்கு நீரைச் செலவழித்துவிட்டால் யூவுக்கு நீங்கள்தான் மிஞ்சும். அது அரசவையில் இக்காலத்து அலுவலகம் போல ஒலிக்கிறது என்பது ஒரு குறை. நீங்களிலிருந்து நீருக்கு இறங்குவது ஒரு படி மட்டுமே. யாருக்கும் வலிக்காது என்பது பெரிய குறை. ஆகவே நீரை யூவுக்குக் கொடுத்தேன், நீயைத் தௌவுக்கு. வினைமுற்றும் கூடவே மாறுவதால் ‘செய்கிறீர்’ என்று பணிந்த நாக்கு ‘செய்கிறாய்’ என்று திரும்பும்போது அறை விழுந்தது போல் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்காக இதே முடிவைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அங்கே நீர் சமவயதினரிடமும் இளையவரிடமும் உரிமையோடு புழங்கும் உயிருள்ள சொல். அந்த மேடைக்கு நான் எழுதியதில்லை. பொதுத்தமிழ் வாசகருக்கு மட்டுமே என் சாய்வு.

எங்கள் வாசிப்பில் கென்டாக அமர்ந்த நண்பர், லியராக வந்தவரைவிடப் பத்து வயது இளையவர். முதல் முறை நா கூசி, ‘கிழவரே, நீர் என்ன செய்யப் போகிறீர்?’ என்று தாமாகவே திருத்திப் படித்தார். ஒருவரும் தாளிலிருந்து தலை நிமிரவில்லை. எழுதியபடியே படியுங்கள் என்றேன். ‘கிழவா, நீ என்ன செய்யப் போகிறாய்?’ என்றார். லியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை நிஜமாகவே முறைத்தார்.