டூர் டிவைட் பந்தயத்துக்கு வழிகாட்டி எது: காகிதமா, போனா, ஜிபிஎஸ் கருவியா?

கனடாவின் பான்ஃப் நகரில் தொடங்கி, ராக்கி மலைத்தொடரை ஒட்டியே தெற்கே இறங்கி, அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் ஆன்டிலோப் வெல்ஸ் சாவடியில் முடிகிறது டூர் டிவைட் சைக்கிள் பந்தயம். தூரம் சுமார் 4,300 கி.மீ. மொத்த ஏற்றம் ஏறக்குறைய 45,000 மீட்டர். ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை கிளம்புவார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது, பாதையில் அம்புக்குறி கிடையாது, பின்னால் வண்டியில் வந்து சோறு போட ஆளும் கிடையாது. எல்லோருக்கும் திறந்திருக்கும் கடையில் வாங்கலாம், விடுதியில் தூங்கலாம், தபால் நிலையத்துக்கு முன்கூட்டியே பொட்டலம் அனுப்பி வைக்கலாம். வழி கண்டுபிடிப்பது முழுக்க ஓட்டுபவர் பாடு. பாதையை விட்டு விலகினால், விலகிய அதே இடத்துக்குத் திரும்பி வந்துதான் தொடர வேண்டும்.

இதற்குத் தயாராகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த கார்மின் ஜிபிஎஸ் வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ராத்திரி எங்கே தூங்கப் போகிறீர்கள் என்பது. ஊருக்குள் விடுதியிலா, காட்டோரம் தூக்கப்பையிலா? பிளக் எத்தனை நாளுக்கு ஒருமுறை கிடைக்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அது தெரிந்தால் மின்சாரத்துக்கு வழி செய்யலாம், அப்புறம் கருவியைப் பார்க்கலாம். பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

காகிதம்

பந்தயப் பாதையின் அடித்தளம், அட்வென்ச்சர் சைக்கிளிங் அசோசியேஷன் 1990களில் வகுத்த கிரேட் டிவைட் பாதை. அந்தச் சங்கம் வெளியிடும் வரைபடங்கள் அருமையானவை. தண்ணீர் எங்கே கிடைக்கும், கடை எந்த ஊரில், ஏற்றம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பந்தயப் பாதை சில இடங்களில் சங்கத்தின் பாதையிலிருந்து பிரிகிறது. காட்டுத்தீயோ பனியோ வந்தால் கடைசி நேரத்தில் மாற்றுப்பாதை அறிவிப்பார்கள். அச்சிட்ட தாள் அதற்கு ஈடுகொடுக்காது.

திருப்பங்களை வரிசையாக எழுதி, சைக்கிள் மீட்டரின் கிலோமீட்டரை வைத்து ஓட்டுவது பழைய முறை. அதில் ஒரு சிக்கல் உண்டு. 29 அங்குலச் சக்கரத்தில் 2.2 டயர் போட்டால் சுற்றளவு சுமாராக 2,290 மி.மீ. வரும். மீட்டரில் 2,265 என்று பதிந்துவிட்டால், 100 கி.மீ. ஓடி முடிக்கும்போது மீட்டர் 99 தான் காட்டும். "100ல் இடது" என்று தாளில் இருக்கும். மீட்டரில் இன்னும் ஒரு கிலோமீட்டர் பாக்கி என்று நினைத்து மிதித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காட்டுப்பாதை பின்னால் போயிருக்கும். விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்ட சைக்கிளைத் தூக்கி நடந்தால், அந்தத் தூரத்தை மீட்டர் எண்ணவே எண்ணாது.

அதனால் வழி காட்ட காகிதம் வேண்டாம் என்பேன். திட்டமிட அதைவிடச் சிறந்தது இல்லை. அடுத்த கடை எத்தனை கி.மீ., அது எத்தனை மணிக்கு மூடும், அடுத்த தண்ணீர் எங்கே என்று சின்ன எழுத்தில் எழுதிய ஓர் அட்டையை டாப் டியூபில், அதாவது சைக்கிள் சட்டத்தின் மேல்குழாயில், ஒட்டிக்கொள்ளுங்கள். வயோமிங்கின் கிரேட் டிவைட் பேசின் பகுதியில் 100 கி.மீ.க்கு மேல் கடையும் நிழலும் இல்லாத வறண்ட வெளி இருக்கிறது. அங்கே போகும் முன் எத்தனை லிட்டர் நிரப்புவது என்பதை எந்தத் திரையும் சொல்லாது, அந்த அட்டை சொல்லும்.

போன்

ஏற்கெனவே கையில் இருப்பது, திரை பெரியது. ரைட் வித் ஜிபிஎஸ், கயா, ஆஸ்ம்அண்ட் போன்ற செயலிகளில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தால் சிக்னல் தேவையில்லை. ஏரோபிளேன் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் நிற்கும். புதிய மாற்றுப்பாதையின் கோப்பை (ஜிபிஎக்ஸ்) ஊருக்கு வந்ததும் இரண்டு நிமிடத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

பிரச்சினை மழையில் ஆரம்பிக்கிறது. கண்ணாடியில் விழும் துளிகளை விரல் என்று எடுத்துக்கொண்டு வரைபடம் தானாக நகரும், பெரிதாகும். கையுறை போட்ட விரலுக்குப் பதிலே வராது. அதைவிட மோசம், சார்ஜ் துளையில் ஈரம் இருந்தால் பல போன்கள் எச்சரிக்கை காட்டிவிட்டு சார்ஜ் ஏற மறுக்கும். பவர் பேங்க் நிறைய மின்சாரம் இருந்தும் போன் செத்துக் கிடக்கும். 2022 பந்தயத்தின் முதல் நாட்களில் கனடாப் பகுதியில் மழையும் பனியும் சேர்ந்து வந்து, குளிரில் உறைந்த சிலரை மீட்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட நாளில்தான் வழி தெரிய வேண்டும், அப்படிப்பட்ட நாளில்தான் போன் கைவிடும்.

அதிர்வும் உண்டு. மோட்டார் சைக்கிளின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. அலை அலையாகக் கிடக்கும் மண் சாலையில் வாரக்கணக்கில் ஹேண்டில்பாரில் மாட்டிவைக்க எனக்கு மனம் வராது. டிக்கெட்டும் பணமும் வீட்டுக்குப் பேசும் வழியும் அதே போனில்தான் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பையில் உலர்வாக இருக்கும் மாற்றுக் கருவியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஜிபிஎஸ் கருவி

இதில் இரண்டு குடும்பங்கள். ஒன்று கார்மின் இ-ட்ரெக்ஸ் போன்ற, இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் கைக்கருவி. இன்னொன்று எட்ஜ் 1040 போன்ற, உள்ளேயே பேட்டரி வைத்த சைக்கிள் கணினி.

இ-ட்ரெக்ஸ் 32எக்ஸ் ஒரு ஜோடி பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். நாளுக்கு 15 மணி நேரம் ஓட்டினால் ஒன்றரை நாளுக்கு ஒரு ஜோடி. 25 நாளுக்கு முப்பது பேட்டரி. அத்தனையும் சுமக்க வேண்டாம், வழியில் இருக்கும் பெட்ரோல் பங்க் கடையில் ஏஏ கிடைக்கும். குளிருக்கு லித்தியம் ஏஏ நல்லது. ஆனால் மெனுவில் பேட்டரி வகையையும் லித்தியம் என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் மீதி அளவைத் தப்பாகக் காட்டும். இதன் குறை, பாதைக் கோப்பு ஒன்றுக்கு 10,000 புள்ளிகள்தான் ஏற்கும். முழுப் பந்தயப் பாதையையும் ஒரே கோப்பாகப் போட்டால் மீதியை வெட்டிவிடும். துண்டு துண்டாகப் பிரித்து, மாநிலப் பெயரோடு வரிசை எண்ணும் கொடுத்துச் சேமியுங்கள். திரை சின்னது, மெதுவானது. ஆனால் பொத்தான்கள் இருப்பதால் கையுறையோடும் மழையோடும் வேலை நடக்கும்.

எட்ஜ் 1040க்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 35 மணி நேரம். திரை தெளிவு, அடுத்த ஏற்றம் எவ்வளவு பாக்கி என்பது வரை காட்டும். ஓர் அமைப்பை மட்டும் கட்டாயம் அணைத்து வையுங்கள்: பாதையை விட்டு விலகினால் தானே புது வழி போட்டுத் தருவது. சாப்பிட ஊருக்குள் இரண்டு கி.மீ. விலகிவிட்டுத் திரும்பும்போது, கருவி தன் போக்கில் ஒரு குறுக்குவழி காட்டும். அரைத்தூக்கத்தில் அதை நம்பிப் போனால், விட்ட இடத்தைத் தாண்டி எங்கோ பாதையில் சேர்ந்திருப்பீர்கள். விதிப்படி திரும்பப் போக வேண்டும்.

ஓட்டுபவர் எங்கே இருக்கிறார் என்று செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும் கண்காணிப்புக் கருவி தனிக் கணக்கு. ஸ்பாட் ஜென்3 நான்கு ஏஏஏ லித்தியத்தில் ஓடும், இன்ரீச் மினிக்கு யுஎஸ்பி சார்ஜ் வேண்டும்.

டைனமோவா, பவர் பேங்க்கா?

என்னைக் கேட்டால் பந்தயத்தின் பாதி முடிவு இங்கேதான் இருக்கிறது.

முன்சக்கரத்தின் நடுவில் இருந்து, சக்கரம் சுழலும்போது மின்சாரம் தருவது டைனமோ ஹப். அது 3 வாட் தரும், அதுவும் ஓரளவு வேகத்தில்தான். ஏற்றத்தில் 7, 8 கி.மீ. வேகத்தில் போகும்போது சார்ஜுக்கு உருப்படியாக ஒன்றும் வராது. டூர் டிவைடில் ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. மாண்டானாவிலும் நியூ மெக்சிகோவிலும் மழை பெய்தால் களிமண் சக்கரத்தைப் பூட்டிவிடும், சைக்கிளைத் தள்ளியோ தூக்கியோதான் நகர முடியும். அந்த மணி நேரங்களில் டைனமோ வெறும் எடை.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 15 மணி நேரத்தில் 7 மணி நேரம் நல்ல வேகம் என்று வைத்தால், இழப்பு போக 15 முதல் 17 வாட்-மணி சேரும். போன் அரை சார்ஜ், ஜிபிஎஸ், இன்ரீச் எல்லாம் சேர்த்து நாளுக்கு 12 அளவில் செலவு. விளக்கு டைனமோவிலிருந்தே நேராக எரியும், ஆனால் அது எரியும்போது சார்ஜ் ஏறாது. ஆக, ஊருக்குள் நிற்காமலே நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம், மிச்சம் பெரிதாக இருக்காது. ஏறுவதும் இறங்குவதுமாக வரும் மின்சாரத்தைத் தாங்க நடுவில் சின்ன பவர் பேங்க் ஒன்று வேண்டும். மெதுவான ஏற்றத்தில் விளக்கு மங்குவதால் தலைவிளக்கும் வேண்டும். செலவும் அதிகம்: ஹப், புதிதாகக் கட்டிய சக்கரம், யுஎஸ்பி மாற்றி. முன்சக்கரத்தைப் பிடிக்கும் உங்கள் ஃபோர்க்கின் அகலம் 110 மி.மீ. (பூஸ்ட்) அளவா என்று பார்க்காமல் ஹப் வாங்காதீர்கள்.

20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் 74 வாட்-மணி இருக்கிறது, கைக்கு வருவது 60 என்று வையுங்கள். விளக்கும் இதிலிருந்தே எரிந்தால் நாளுக்கு 25 வாட்-மணி போகும். இரண்டு நாள் நிம்மதி, அதற்குள் பிளக் வேண்டும். சாதாரண 10 வாட் சார்ஜரில் இது நிரம்ப ராத்திரி முழுக்க ஆகும். வேக சார்ஜரும் அதை ஏற்கும் பவர் பேங்க்கும் இருந்தால் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஒன்றரை மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் ஏறிவிடும். விமானத்தில் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், 100 வாட்-மணிக்குள் இருந்தால் தொல்லையில்லை. நம் ஊர் உருண்டைப் பின் அங்கே சேராது, தட்டைப் பின் மாற்றி வாங்குங்கள். கரடியை விரட்ட அடிக்கும் தெளிப்பானை எந்தப் பையிலும் விமானத்தில் விடமாட்டார்கள், பான்ஃப் போய் வாங்கிக்கொள்ளலாம்.

யாருக்கு எது

2016ல் இங்கிலாந்து வீரர் மைக் ஹால் இந்தப் பந்தயத்தை 14 நாட்களுக்குள் முடித்தார். அந்த வேகத்துக்குக் குறி வைப்பவர் ஊருக்குள் உட்காரமாட்டார், காட்டோரம் சில மணி நேரம் கண்ணயர்வார். அவருக்கு டைனமோவும் எட்ஜும்.

முதல் முறை போய் 25 நாளில் முடிக்க நினைப்பவருக்கு நாளுக்கு 175 கி.மீ. வரும். இரண்டு, மூன்று ராத்திரிக்கு ஒருமுறை எப்படியும் ஊர் விடுதிக்கு வந்துவிடுவார். அவருக்கு நான் சொல்வது இ-ட்ரெக்ஸ், 20,000 பவர் பேங்க், வேக சார்ஜர், பையில் போன், டாப் டியூபில் அட்டை. வழிகாட்டியை ஏஏ பேட்டரியில் தனியாகப் பிரித்துவிட்டால் பவர் பேங்க் காலியானாலும் பாதை தெரியும். கண்ணைக் கவரும் திரைக்காக இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எதைத் தேர்ந்தாலும் இங்கேயே சோதித்துவிடுங்கள். 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய 600 கி.மீ. பிரவே (நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்றில், பிளக்கைத் தொடாமல், முழுக் கட்டமைப்போடு ஓட்டுங்கள். முடிவில் எதில் எவ்வளவு மீதி என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு மழை ராத்திரியில், கையுறையோடு, பாதைக் கோப்பின் அடுத்த துண்டைத் திறந்து பாருங்கள். கருவியை ஹேண்டில்பாரோடு ஒரு கயிற்றாலும் கட்டிவிடுங்கள். மாண்டானாவின் ஃப்ளீசர் ரிட்ஜ் இறக்கத்தில் கருவியைப் பிடித்திருக்கும் மவுண்ட் உடைந்து கருவி எகிறினால், புல்லுக்குள் தேடி எடுப்பது பெரும்பாடு.