‘நம்ம ஊர்’ குரலை நம்பி ரூ.46,500 போச்சு: பனிமலை ஏறப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். எங்காவது வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது ரூ.46,500. டெல்லியில் உட்கார்ந்துகொண்டு மணாலி பக்கம் ‘ஆல்பைன் கிளைம்பிங்’ (பனியும் பாறையும் கலந்த மலை ஏற்றம்) பயணம் விற்கிற ஒரு கம்பெனியிடம்.

பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, மேல்மாடியில் இருக்கும் வக்கீல் மாமி போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எந்த மாதிரிக் கம்பெனி என்று மட்டும் சொல்கிறேன்: இன்ஸ்டாகிராமில் அழகழகான பனிமுகடு வீடியோக்கள், இணையதளத்தில் எந்த நாள் போய்ப் பார்த்தாலும் ‘கடைசி 2 இடங்கள்’ என்று சிவப்பில் மினுக்கும் பட்டை, பணம் கட்டும்வரை வாட்ஸ்ஆப்பில் நொடிக்கு நொடி பதில். பதிவு செய்யும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் மயூர் விஹாரில் இருக்கிறேன், வேலை நொய்டாவில். உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவன். ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாரி) பிடிக்கத் தெரியும், பனியில் சறுக்கினால் அதை ஊன்றி நிற்கத் தெரியும். அடுத்த நிலைப் பயிற்சிக்கு மறுபடியும் ஒரு மாத லீவு கேட்டால் எங்கள் மேனேஜர் ஒரேயடியாக வீட்டுக்கே அனுப்பிவிடுவார். அதனால் ஒரு வாரத்துக்குள் முடிகிற, நடைப்பயணமாக இல்லாமல் நிஜமாகவே ஏறுகிற பயணமாகத் தேடினேன்.

இவர்கள் விற்றது அதைத்தான். சோலாங் பள்ளத்தாக்கைத் தாண்டி, 5,289 மீட்டர் ஃபிரெண்ட்ஷிப் சிகரம் இருக்கிற வட்டாரத்தில், பனி நிறைந்த ஒரு கல்லியில் (பாறைகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் பள்ளத்தில்) ஏறி, அங்கிருந்து பாறை முகட்டைப் பிடித்து ஒரு சின்ன உச்சி. இரண்டு பேருக்கு ஒரு கைடு. கிரேடு, அதாவது ஏறுவது எவ்வளவு கடினம் என்பது, ‘பிடி’ (PD) என்று போட்டிருந்தார்கள். ஆல்ப்ஸ் மலைகளில் ஏறுகிறவர்கள் வைத்திருக்கும் பிரெஞ்சு வரிசையில் எஃப் என்றால் சுலபம், பிடி அதற்கு ஒரு படி மேல், அப்புறம் ஏடி, டி என்று போகும். இதெல்லாம் தெரிந்து எழுதியிருக்கிறார்களே என்று தோன்றியது.

ஆனாலும் இணையதளத்தைப் பார்த்து நான் பணம் கட்டவில்லை. கட்ட வைத்தது ஒரு போன்.

இந்தியில் ஆரம்பித்தான். என் பெயரைக் கேட்டதும் ஒரு நொடி நிறுத்தி, “அண்ணா, தமிழா?” என்றான். ஆமாம், பாளையங்கோட்டை என்றேன். “அட, நான் அம்பாசமுத்திரம் அண்ணா!” டெல்லியில் வருஷக்கணக்காக இருப்பவர்களுக்குத் தெரியும், இந்த ஒரு வரிக்கு என்ன பலம் என்று. ஆட்டோக்காரரிடம், வீட்டுக்காரரிடம், பேங்கில், எல்லா இடத்திலும் இந்தியில் மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் ஒருத்தன் தாமிரபரணி வாசனையோடு பேசினால் மனசு தானாக இளகிவிடும். அதோடு நிற்கவில்லை. விற்கிறவன் கேட்காத கேள்விகளைக் கேட்டான். “செல்ஃப் அரெஸ்ட் பழகியிருக்கீங்களா அண்ணா? கிராம்பான் போட்டு நடந்திருக்கீங்களா? ஏன்னா அனுபவம் இல்லாதவங்களை நாங்க இதுல சேர்க்கிறதில்லை.” (செல்ஃப் அரெஸ்ட் என்றால் சறுக்கும்போது ஐஸ் ஆக்ஸை ஊன்றி நிற்பது. கிராம்பான் என்றால் பூட்ஸ் அடியில் மாட்டும் கூர்முனைச் சட்டம்.) இவ்வளவு பொறுப்பாகக் கேட்கிறவனை யார்தான் சந்தேகப்படுவார்கள்? “கம்பெனி அக்கவுண்டுல போட்டா ஜிஎஸ்டி கூட வரும், உங்களுக்காகத்தான் இந்த நம்பர்ல போடச் சொல்றேன், பில்லு அப்புறம் அனுப்புறேன்” என்று ஒரு தனிநபர் யுபிஐ எண் கொடுத்தான். முதலில் ரூ.30,000. கிளம்பும் முன் ரூ.16,500. ஆக ரூ.46,500. மணாலிக்குப் போய் வந்த வால்வோ பஸ் டிக்கெட் என் தனிச்செலவு. பில் இன்றுவரை வரவில்லை.

மணாலியில் இறங்கியதும் முதல் இடி. இரண்டு பேருக்கு ஒரு கைடு என்றார்களே, பதினொரு பேருக்கு ஒரே ஒரு பையன். மீசை சரியாக அரும்பாத குல்லு கிராமத்துப் பையன். மற்றவர்களில் பாதிப் பேர் பனியையே முதல்முறையாகப் பார்க்கிறவர்கள். அனுபவம் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லையாம்! பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது எப்போது தெரியுமா? துந்தியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குள், குலுங்கக் குலுங்க, மொபைல் டார்ச் வெளிச்சத்தில்.

பகர்தாச் என்ற முகாமில், கூடாரத்துக்குள் சாமான்களைப் பிரித்தபோது இரண்டாவது இடி. எனக்கு வந்த கிராம்பான் ஜோடியில் இடதும் வலதும் வேறு வேறு கம்பெனி. வலதுபக்க வார் அறுந்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. பனி அடியில் ஒட்டாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அது ஒன்றில் இருந்தது, இன்னொன்றில் இல்லை. அது இல்லாமல் மத்தியான ஈரப்பனியில் நடந்தால் பாதத்துக்கு அடியில் பனி உருண்டையாகத் திரண்டு, கூர் முனை எதுவும் தரையைத் தொடாது. கூட வந்தவர்களுக்கு வளைகிற சாதாரண டிரெக்கிங் ஷூவிலேயே கிராம்பானை மாட்டிவிட்டார்கள். விறைப்பான அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வேண்டும், இல்லையென்றால் நாலு எட்டில் கழன்றுவிடும். ஹெல்மெட்? மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் தொழிலாளர்கள் போடுவார்களே, அதே மஞ்சள் ஹெல்மெட். தாடைப் பட்டை கிடையாது. குனிந்தால் விழுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், குனிந்தேன், விழுந்தது. பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரு கயிறு.

‘பனிப் பயிற்சி நாள்’ என்று போட்டிருந்தது அரைமணி நேரச் சறுக்கு விளையாட்டும் அதற்கு வீடியோவும்தான்.

ஆனால் இதையெல்லாம்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். கல்லி ஏறுகிற நாள்தான் உயிரோடு விளையாடியது. கல்லி என்பது இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பனி அடைத்துக்கொண்டு செங்குத்தாக ஏறும் பள்ளம். மொட்டை மாடி மழைநீர்க் குழாய் மாதிரிதான், மேலே எது உதிர்ந்தாலும் இதற்குள்தான் வந்து இறங்கும். ராத்திரிக் குளிரில் பனி இறுகியிருக்கும், கற்களும் அதில் உறைந்து ஒட்டியிருக்கும். வெயில் ஏற ஏறப் பனி இளகும், கல் விடுபடும். அதனால்தான் உலகத்தில் எங்கே போனாலும் இப்படி ஏறுகிறவர்கள் நடுராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்குக் கிளம்பி, வெயில் சுடுவதற்குள் இறங்கிவிடப் பார்ப்பார்கள். உத்தரகாசியில் எங்களுக்கு முதலில் மண்டையில் ஏற்றியதே இதைத்தான்.

இவர்கள் பெட் காபி, மேகி எல்லாம் முடித்து, எட்டு மணிக்குக் கிளம்பச் சொன்னார்கள். கல்லி வாசலுக்குப் போய்ச் சேரும்போது கிழக்குப் பார்த்த அந்தச் சரிவு முழுக்க வெயில். நாற்பது டிகிரி சாய்வு இருக்கும். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரிச் சரிவுகளில்தான் பனிச்சரிவுகள் அதிகம் கிளம்பும் என்பது ஆரம்பப் பாடம். அடிவாரப் பனியில் புதுசாக வந்து விழுந்த கற்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அது உருண்டு வந்த நீளமான தடம், தடத்தின் ஓரங்கள்கூட இன்னும் மழுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேங்காய் அளவில் ஒன்று விர்ரென்று போனது. பையனிடம் கேட்டேன், இந்த நேரத்தில் எப்படி ஏறுவது என்று. தலையைக் குனிந்துகொண்டு, “சார், நான் சமையல் உதவிக்கு வந்தவன். கைடு வரவில்லை, நீ கூட்டிப்போ என்று போனில் சொல்லிவிட்டார்கள்” என்றான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனுக்கும் கூலி பாக்கியாம்.

நானும் மும்பையிலிருந்து வந்த ஒரு பெண்ணும் ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். மற்றவர்கள் கொஞ்ச தூரம் போனார்கள். ஒருவர் தன் கிராம்பான் முனையாலேயே தன் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டார், அவரைத் தாங்கிக்கொண்டு எல்லோரும் திரும்பினார்கள். முகடும் இல்லை, உச்சியும் இல்லை. அத்தோடு பயணம் முடிந்தது.

இனிதான் அசல் கூத்து. திரும்பி வந்து பணத்தைக் கேட்டேன்.

முதல் பதில்: “டீம்கிட்ட பேசிட்டு சொல்றேன் அண்ணா.” ரெண்டு நாள் கழித்து: “வானிலை சரியில்லாததால் பயணம் சுருக்கப்பட்டது, வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல.” வானம் கண்ணாடியாக இருந்த படம் என்னிடம் நேரத்தோடு இருக்கிறது, அனுப்பினேன். உடனே கதை மாறியது: “நீங்கள் தாமாக முன்வந்து விலகியிருக்கிறீர்கள், விதிகளின்படி பணம் திரும்பக் கிடைக்காது.” கைடே இல்லாத இடத்தில் நான் எதிலிருந்து விலகினேன்? அதற்குப் பதில் இல்லை. அடுத்து ஒரு சலுகை: குளிர்காலத்தில் சாதர் பயணம் போனால் ரூ.8,000 தள்ளுபடி. அதாவது உறைந்த ஸான்ஸ்கர் ஆற்றின்மேல் இவர்களை நம்பி நான் நடக்க வேண்டுமாம்! அப்புறம் ஒரு புகார் எண் தானாக மெயிலில் வந்தது. அந்த மெயிலுக்குப் பதில் போட்டால் திரும்பி வந்துவிடுகிறது. அவர்கள் பக்கத்தில் நான் எழுதிய விமர்சனம் ஒரே ராத்திரியில் காணாமல் போனது.

சரி, நேரிலேயே போவோம் என்று போனேன். தெற்கு டெல்லியில் ஒரு மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால், பல கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் அலுவலகம். வரவேற்பில் இருந்த பெண் பதிவேட்டில் எழுத வைத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள். உட்கார்ந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே குரல். போனில் யாரிடமோ: “அட, நான் மதுரைப் பக்கம்தான் அண்ணா, மேலூர்!”

எழுந்து உள்ளே போய்விட்டேன். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “தம்பி, அம்பாசமுத்திரம் எப்போ மேலூர் ஆச்சு?” என்று கேட்டேன். “சார், ஆப் மெயில் கர் தீஜியே” (நீங்கள் மெயில் போடுங்கள்) என்றான். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. நான் தமிழில் கத்துகிறேன், அவன் இந்தியில் மரியாதையாக வாசலைக் காட்டுகிறான். பின்னாலேயே செக்யூரிட்டி வந்துவிட்டார். ரூ.46,500 கொடுத்தவனுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் அவர்கள் பக்கத்தில் இருந்த ‘எங்கள் முகடு’ படத்தைக் கூகுளில் போட்டுத் தேடினேன். அது இமயமலையே இல்லை. பிரான்ஸில் ஷாமோனிக்கு மேலே 3,842 மீட்டரில் இருக்கும் ஏகுய் து மிதி. கேபிள் காரில் போய் இறங்கி, கயிறு கட்டிக்கொண்டு ஆட்கள் நடக்கிற பிரபலமான பனிமுகடு. ஓரத்தில் தெரியும் கேபிள் கார் நிலையத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள். மணாலியாம்!

அம்மாவிடம் இன்னும் தொகையைச் சொல்லவில்லை. சொன்னால் முதலில் மயக்கம் போடுவாள், அப்புறம் என்னைப் போடுவாள்.

நேற்று ராத்திரிதான் அவர்களுடைய கடைசிப் பதில் வந்தது: “இந்த விவகாரம் எங்கள் தரப்பில் முடிக்கப்பட்டது.” என் தரப்பில் முடியவில்லை. 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் பதிவு செய்துவிட்டேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பணத்துக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்பட வேண்டாம், சொன்ன சேவையைத் தராததற்கு அந்தக் காகிதம் கவசம் ஆகாது என்கிறார் வக்கீல் மாமி.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன் இல்லையா, எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, கோபம்தான் வருகிறது. அவசரமாகச் சிலது மட்டும். தனிநபர் யுபிஐ எண்ணுக்கு ஒரு பைசா போடாதீர்கள், பில் கையில் வராமல் மீதியைக் கட்டாதீர்கள். கைடு யார், உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ மணாலியிலோ எந்தப் பயிற்சி முடித்தவர் என்று எழுத்தில் கேளுங்கள், முடிந்தால் அவரிடமே போனில் பேசுங்கள். கல்லி ஏற எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், ‘காலை டிபன் முடிச்சு’ என்றால் போனை வைத்துவிடுங்கள். சாமான்களைப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், ஊர்க்காரன் என்று எவன் சொன்னாலும் எந்தத் தெரு என்று கேளுங்கள்.

ஜூனில் அடுத்த பேட்ச் கிளம்புகிறதாம், விலையை ரூ.49,500 ஆக்கியிருக்கிறார்கள். டெல்லி, குர்கான், நொய்டா பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது பணம் கட்டியிருந்தால் உடனே எனக்குத் தனிச்செய்தி போடச் சொல்லுங்கள். கம்பெனி பெயரை அதில் சொல்கிறேன். என்னோடு வந்த மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் எழுதுங்கள், எல்லோரும் சேர்ந்து புகார் கொடுத்தால் வழக்கு இன்னும் பலமாக இருக்கும் என்று மாமி சொல்கிறார்.