ஈஜென் எரிமலைக்குப் பாலியிலிருந்து டூர் போடுகிறீர்களா?

பாலிக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் பலர் ஒரு ராத்திரியை ஒதுக்கி, கடல் தாண்டிக் கிழக்கு ஜாவாவில் இருக்கும் ஈஜென் எரிமலைக்கும் போய்வருகிறார்கள். நானும் அக்காவும் அப்படித்தான் கிளம்பினோம். பாலியின் கூட்டா கடைத்தெருவில் ஒரு டூர் கடையில் ஆளுக்கு 12 லட்சம் ருபியா கட்டினோம். நம் பணத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். நீல நெருப்பு, உள்ளூர் கைடு, வாயு முகமூடி, மருத்துவச் சான்று எல்லாம் இதில் அடக்கம் என்றார் கடைக்காரர்.

எரிமலை வாயின் அடியில் சூடாகப் பீறிட்டு வரும் கந்தக வாயு, காற்றுப் பட்டதும் பற்றி எரிவதுதான் அந்த நீல நெருப்பு. இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் பால்துடிங் என்ற அடிவாரத்திலிருந்து 3 கிலோமீட்டர் ஏறி விளிம்புக்குப் போய், அங்கிருந்து உள்ளே இறங்க வேண்டும். ஏறவே எங்களைப் போன்றவர்களுக்கு 2 மணி நேரம் ஆகும். இரவு 8 மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் வந்தது பத்தேகாலுக்கு. பாலியின் கிலிமானுக் துறைமுகம் வரை சாலை, படகில் ஜாவாவின் கெத்தாபாங் துறைமுகம், அப்புறம் மலைப்பாதை. ஜாவா கடிகாரம் பாலியைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அந்தச் சலுகையையும் சேர்த்துத்தான் மூன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். விடியும் முன் நெருப்பைப் பார்க்க வழியே இல்லை. தினமும் ஆள் ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதா?

போகிற வழியில் ஒரு கடை வாசலில் நிறுத்தி மருத்துவச் சான்று கொடுத்தார்கள். அக்காவுக்கு வீசிங் உண்டு. நாடி பிடிக்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. பெயரை எழுதி முத்திரை குத்தி நீட்டிவிட்டார்கள்.

முகமூடி இன்னும் மோசம். ரப்பர் பட்டை தளர்ந்து, முந்தின ஆளின் வியர்வை நாறியது. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன், மஞ்சளாக அடைத்துக் கிடந்தது. வேறு கேட்டதற்கு, மருந்துக்கடையில் விற்கும் துணி மாஸ்க் ஒன்றைக் கொடுத்தார்கள். அது தூசியைத் தடுக்கும், கந்தக டை ஆக்சைடைத் தடுக்காது. நான் அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

கைடு என்று வந்த பையனுக்கு நாங்கள் 18 பேர். வேகமாக ஏறியவர்களோடு அவன் போய்விட்டான். விளிம்பை எட்டியபோது நன்றாக வெளுத்துவிட்டது. கீழே அந்தப் பச்சை நீல அமில ஏரி தெரிந்தது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த நிமிடம் காற்று திரும்பிப் புகை எங்கள் மேல் வந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. "டேய், மூச்சு விட முடியலைடா" என்று அக்கா உட்கார்ந்துவிட்டாள். கைடைக் காணோம்.

கைகொடுத்தவர் கந்தகம் சுமக்கும் தொழிலாளி ஒருவர். இரண்டு கூடையைக் காவடிபோல் தோளில் போட்டு 70, 80 கிலோ தூக்கி ஏறுகிறவர்கள் அவர்கள். சுமையை இறக்கி வைத்தார், துணியை நனைத்து அக்காவின் மூக்கில் பிடிக்கச் சொன்னார், புகைக்கு முதுகு காட்டித் திருப்பி உட்கார வைத்தார். அப்புறம் ஒரு தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். கீழே இறங்க இரண்டரை லட்சம் ருபியா. அது ஏமாற்று இல்லை, அந்தச் செங்குத்துச் சரிவில் வண்டியை இழுத்துப் பிடித்து இறக்கிய உழைப்புக்குக் கூலி.

கீழே வந்த பிறகுதான் முக்கியமான சங்கதி தெரிந்தது. அந்த வாரம் முழுக்க உள்ளே இறங்கவே தடையாம். எரிமலை இரண்டாம் எச்சரிக்கை நிலையில் இருந்திருக்கிறது. இந்தோனேசிய அரசின் எரிமலைக் கண்காணிப்புத் தளமான மக்மா இந்தோனேசியாவில் நான்கு நிலைகளில் எது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இறங்க முடியாது என்று தெரிந்தே நீல நெருப்புக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

போகிறவர்கள் அந்தத் தளத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கைடை எரிமலைக்குப் பக்கத்து ஊரான பன்யுவாங்கியில் நேரில் பேசி, எத்தனை பேருக்கு ஒருவர் என்று கேட்டு அமர்த்துங்கள். அமில வாயுவுக்கான புது வடிகட்டியை உங்கள் கண்முன் உறை பிரித்து மாட்டச் சொல்லுங்கள். வீசிங் இருந்தால் விளிம்புக்கும் போக வேண்டாம்.

திரும்பி வந்து கடையில் சண்டை போட்டேன். "சார், நெருப்பு இயற்கை" என்றார். தடை இயற்கையா என்று கேட்டதற்கு ரசீதைக் காட்டினார். "அந்தார் ஜெம்புத்" என்று எழுதியிருந்தது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தோம்: கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்து வருவது. அவ்வளவுதான் விற்றிருக்கிறார்கள்.